அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த அடையாள அட்டையில் ‘சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்’ என்று இருந்தது. அதைப் படித்த யாரோ ஒருவன், “ஆர்க்கிடெக்ட்னா கட்டடம் கட்டுறவங்கதானே? அப்ப நீங்க எங்க மேஸ்திரி” என்று சொல்லிவைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. காதோரம் நரைக்கத் தொடங்கிய, கோபம் வந்தாலும் குரல் உயராத அவளுக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் செய்தது ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள். ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கி, வார்டுக்கும் டாக்டருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே புரோகிராமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு யானை என்று பெயர். காலில் ஒரு முள் எடுக்க வேண்டுமென்றாலும் யானையை முழுசாகப் படுக்கவைக்க வேண்டும். அந்த நேரம் ஆஸ்பத்திரி முழுக்கக் காகிதமும் பேனாவுமாகத் திண்டாடும். அதனால் ஊர் உலகமெல்லாம் செய்வதைப் போல அவர்களும் அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பது என்று முடிவானது. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஓடும் ஒரு குட்டிப் புரோகிராம், அதாவது ஒரு சர்வீஸ், மொத்தம் முப்பத்தொன்று. ஒன்று படுத்தாலும் மற்றவை நடக்கும். எதை எங்கே வெட்டுவது என்று படம் போட்டுக் கொடுத்தவள் மேஸ்திரிதான்.

அந்தப் படம் நல்ல படம். இன்றைக்குக் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்வாள். போடும்போதே ஒரு இடம் மட்டும் அவளுக்கு உறுத்தியது. ஒரு நோயாளியின் முடிவு உயிருக்கு ஆபத்தான அளவில் வந்தால், யானை வார்டு நர்ஸின் போனுக்கு மணி அடிக்கும். ‘பார்த்தேன்’ என்று யாராவது அழுத்தும்வரை விடாது. ஐந்து நிமிடம் பார்க்கும், மறுபடி அடிக்கும். அப்புறம் டூட்டி டாக்டருக்கு, அப்புறம் பெரிய டாக்டருக்கு, கடைசியில் வார்டு திரை முழுக்கச் சிவப்பாக. எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ எழுதிய நாற்பது வரி புரோகிராம் அது. புதிய அமைப்பில் முடிவைக் கவனிக்கிற சர்வீஸ் ஒரு குழுவிடம், போனுக்கு அனுப்புகிற சர்வீஸ் இன்னொரு குழுவிடம். முதலாவது, ‘நான் சொல்லிவிட்டேன்’ என்று ஓய்ந்துவிடும். இரண்டாவது, ‘நான் அனுப்பிவிட்டேன்’ என்று ஓய்ந்துவிடும். விடாமல் அடிக்கிற அந்த வேலை யார் வீட்டுப் பிள்ளையும் இல்லாமல் நடுவில் நின்றது.

அவள் அதை ஒரு டிக்கெட்டாக எழுதி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் போட்டாள்: ‘யாரும் “பார்த்தேன்” அழுத்தாவிட்டால்?’

பட்டியலை வைத்திருந்தவர் ஐம்பதை நெருங்கிய, யாரிடமும் கடிந்து பேசத் தெரியாத ஒரு மனிதர். எந்த வேலை முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துவது அவர் பொறுப்பு. பட்டியல்காரர் என்பார்கள். வேலையை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்திருந்தார்கள்; அதற்குப் பெயர் ஸ்பிரின்ட். ஒவ்வொன்றின் முதல் திங்கட்கிழமையும் நான்காவது மாடிக் கூட்ட அறையில் அவருடைய லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டி, இந்த இரண்டு வாரத்துக்கு எதையெல்லாம் எடுப்பது என்று பேசி முடிப்பார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமை, செய்ததை டைரக்டருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் காட்ட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைதான் வினை. புதிய திரை, புதிய பொத்தான், வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் என்று காட்டினால் கைதட்டுவார்கள். ‘யாரும் கவனிக்காமல் விட்டால் மறுபடியும் மணி அடிக்கும்’ என்பதைக் காட்ட என்ன இருக்கிறது?

“முக்கியம்தாங்க, இல்லேன்னு சொல்லல. அடுத்த ஸ்பிரின்ட்ல கண்டிப்பா பார்த்துக்கலாம்” என்றார் பட்டியல்காரர். முதல் தடவை.

மூன்றாவது தடவை தள்ளிப்போட்டபோது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிய அமைப்பு ஓடத் தொடங்கிவிட்டது. அன்று மேஸ்திரி கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். “நர்ஸுங்க எப்பவும் போனும் கையுமாத்தான் இருக்காங்களாம். இதுவரைக்கும் ஒரு புகார் வரல” என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான். ஐந்தாவது தடவைக்குள் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. காலையில் எல்லோரும் வட்டமாக நின்று நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும் ஸ்டாண்டப்பில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவன், “யாரும் அழுத்தாவிட்டால்?” என்று நாடகக் குரலில் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. தலைக்கு மேல் வேலை, அதில் ஒரு சிரிப்பு.

ஏழாவது ஸ்பிரின்ட்டின் திங்கட்கிழமை பட்டியல்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இந்த வாட்டி நீங்களே பண்ணுங்க. இடம் இருக்கறது பதிமூணுக்கு. பதினாலு நிக்குது. எதைத் தள்ளணுமோ தள்ளுங்க.”

அறை அவளையே பார்த்தது. அவளுடைய டிக்கெட் நடுவில் இருந்தது. அதை அப்படியே விட்டால் வேறு யாருடையதையாவது இறக்க வேண்டும். அதற்கு அரை மணி வாதாட வேண்டும். மறுபடி அந்த நாடகக் குரலைக் கேட்க வேண்டும். முந்தின வாரம்தான் டைரக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரே விஷயத்தைப் பிடிச்சுத் தொங்கறீங்கன்னு டீம்ல ஒரு பேச்சு இருக்கும்மா” என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அலுத்துவிட்டது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தன் டிக்கெட்டைத் தானே பிடித்துக் கீழே இழுத்துப் போட்டாள்.

யாரோ கைதட்ட, அறையே கைதட்டியது. “மேஸ்திரியே சரண்டர்!” என்றான் ஒருவன். அவளும் சிரித்தாள். மனசுவிட்டுத்தான் சிரித்தாள்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, புதிய அமைப்பு ஓடிய அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த ஒருவர் இறந்துபோனார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், வயது அறுபத்தாறு. காலை பத்து நாற்பதுக்கு வந்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வார்டு போனுக்கு ஒரே ஒரு தடவை மணி அடித்தது. போன் மருந்து அறையில் சார்ஜில் கிடந்தது; நர்ஸ் இன்னொரு கட்டிலில் ஒருவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். பகல் ஒன்று இருபதுக்கு இதயம் நின்றுவிட்டது. நடுவில் இரண்டு மணி நாற்பது நிமிடம். சரியான சமயத்தில் தெரிந்திருந்தால் ஊசி மருந்தில் இறக்கியிருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

செய்தி வெள்ளிக்கிழமை காலை ஸ்டாண்டப்பில் வந்தது. டைரக்டரே கீழே இறங்கிவந்து சொன்னார். வழக்கமாக நாடகக் குரலில் பேசுகிறவன் சுவரோடு சாய்ந்து நின்று, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானமே இரண்டு பேர் உட்கார்ந்து அந்த வேலையை முடித்தார்கள். ஒன்றரை மணிக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு முடிந்துவிட்டது, சோதனை உட்பட. அரை நாள். ஏழு தடவை தள்ளிப்போட்டது அரை நாள் வேலையை.

திங்கட்கிழமை, என்ன தவறு நடந்தது என்று பேசுவதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். நடத்தியது கோச். இந்த வேலைமுறைகளைச் சொல்லிக்கொடுக்கவென்று வைத்திருந்த ஆள். மெதுவாக, கேட்கிறவருக்குத் தூக்கம் வரும்படி பேசுவார்.

“முதல்ல ஒரு விஷயம். இந்த ரூம்ல யாரையும் குறை சொல்லப் போறதில்ல. ஆளைப் பார்க்க வேண்டாம், முறையைப் பார்ப்போம்.”

மஞ்சள் காகிதத்தில் ஆளுக்கொன்று எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ‘குழுக்களுக்கு நடுவே பேச்சு போதவில்லை.’ ‘பொறுப்பு தெளிவாக இல்லை.’ யாரோ, ‘மேஸ்திரி முன்பே சொன்னார்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கோச் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்துப் பரிவாகத் தலையசைத்தார். அவள் ‘கடைசியாகத் தள்ளியது நான்’ என்று எழுதினாள். எழுந்து போய் ஒட்டவில்லை. நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யாரையும் குறை சொல்லாத அறையில் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்ள எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

யாரையும் குறை சொல்லவில்லையே தவிர, இரண்டு வாரத்தில் பட்டியல்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு டிக்கெட்டையும் எப்போது, யார் நகர்த்தியது என்று பதிவு இருக்கும். ஏழு தடவையும் அவர் பெயர்தான் இருந்தது. ஏழாவது தடவை மவுஸ் இருந்தது அவள் கையில், லேப்டாப் அவருடையது.

அவள் அவரைப் பார்க்கப் போனாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில், தன் பழைய காரின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே வரச் சொல்லவில்லை.

“வீட்ல எல்லாரும் இருக்காங்க. இங்கயே பேசலாமா?”

“கடைசி வாட்டி தள்ளினது நான்தான்னு ஏங்க நீங்க சொல்லல?”

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“ஆறு வாட்டி நான் தள்ளினேன். ஏழாவது நீங்கன்னு சொன்னா எனக்கு என்ன கிடைக்கப் போவுது? ஆறுக்கு மாப்பா?”

“நான் போய்ச் சொல்றேன்.”

“சொல்லி? என்னைத் திரும்பக் கூப்பிடப் போறாங்களா? உங்களையும் சேர்த்து அனுப்புவாங்க. விடுங்க.” துணியை ஒரு தடவை உதறிவிட்டு, “உங்க டிக்கெட்டை நான் ஒரு தடவைகூட முழுசாப் படிக்கலீங்க. தலைப்பை மட்டும்தான் படிச்சேன். அதை யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்” என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். நாள் முழுக்க, இது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுப் பொறுமை பழகியவர். சாப்பிட்டு முடித்து இருவரும் பாத்திரம் கழுவும்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்த ஆஸ்பத்திரில விசாரணை வெச்சிருக்காங்க. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுன்னு கம்பெனி வக்கீல் சொல்லியிருக்காரு.”

“சரி, கேட்டா சொல்லு. கேக்கலைன்னா?”

“அதாங்க தெரியல.”

“உனக்குத் தெரியும்” என்றார் அவர். “தெரிஞ்சதுனாலதான் ஒரு மாசமா சரியாச் சாப்பிடாம இருக்க.”

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், டாக்டர்கள் கூடும் அறையில் விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தலைமையில் மூன்று பேர். மேசையின் மறுகோடியில் இறந்தவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். காலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள், சீருடை மாற்றவில்லை. அவளுக்கு அம்மா இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை என்று முன்பே சொன்னார்கள்.

தலைவர் காகிதத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். மேஸ்திரி பதில் சொன்னாள். கடைசியில், “இந்த வேலையை ஏழு தடவை தள்ளிப்போட்டது உங்க நிறுவனத்துல பட்டியலுக்குப் பொறுப்பா இருந்தவர். இப்ப அவர் வேலையில இல்ல. சரிதானே?” என்றார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வக்கீல் பேனாவை மூடக்கூடத் தொடங்கிவிட்டார்.

“இல்லீங்க. ஆறு தடவைதான் அவர். ஏழாவது நான்.”

வக்கீல் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் நிறுத்தவில்லை. மவுஸைப் பற்றிச் சொன்னாள். கைதட்டியதைச் சொன்னாள். தானும் சிரித்ததைச் சொன்னாள்.

இறந்தவரின் மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “நான் ஒண்ணு கேக்கலாமா?”

தலைவர் தலையசைத்தார்.

“ஸ்பிரின்ட் ஸ்பிரின்ட்னு எல்லாரும் சொல்றீங்களே, அது எவ்வளவு நாளு?”

“ரெண்டு வாரம்.”

“ஏழுன்னா பதினாலு வாரம்.” அவள் அதை மனசுக்குள் ஏதோ ஒன்றோடு பொருத்திப் பார்ப்பதுபோல இருந்தாள். “அந்த வேலையை இப்ப முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சாச்சுங்க.”

“எவ்வளவு நாளாச்சு?”

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். மேஸ்திரி முந்திக்கொண்டாள்.

“அரை நாள்.”

மகள் அழவில்லை, கத்தவில்லை. “என் வண்டில பிரேக் லேசா இழுக்குதுன்னு எழுதிக் குடுத்தா, சரிபண்ற வரைக்கும் வண்டியை வெளிய எடுக்க விடமாட்டாங்க” என்றாள். “நாங்க சாதாரண டிரைவருங்க.”

வெளியே தாழ்வாரத்தில் மேஸ்திரி அவளுக்காக நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நின்றாள். அதற்குள் மகளே அருகில் வந்து பேசத் தொடங்கிவிட்டாள்.

“நீங்க உண்மையைச் சொன்னீங்க. அதுக்கு நன்றி சொல்லணும்னு எனக்குத் தோணல, மேடம்” என்றாள் மகள். “தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லீங்க.”

“உங்க நம்பரைக் குடுங்க. அந்த அறிக்கை வந்தா எனக்குப் புரியாது. கேக்க எனக்கு ஆள் வேணும்.”

மேஸ்திரி எண்ணைச் சொன்னாள். மகள் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, படியில் இறங்கிப் போனாள்.

கம்பெனியில் யாரும் அவளைத் திட்டவில்லை. மறுவாரம் ஸ்டாண்டப்புக்கு வர வேண்டாம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்புறம் கதவைத் திறக்கும் அட்டை நான்காவது மாடியில் வேலை செய்யவில்லை. இரண்டாவது மாடியில் ஒரு மேசை கொடுத்து, பழைய ஆவணங்களை அடுக்கச் சொன்னார்கள். யானையைப் பற்றி எழுதிய ஆவணங்கள். அதில் அந்த நாற்பது வரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அன்று மாலையே ஏற்றுக்கொண்டார்கள். பட்டியல்காரருக்கு வேறு எங்கோ வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டாள். அவர் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அறிக்கை ஐந்து மாதம் கழித்து வந்தது. இருபத்திரண்டு பக்கம். ‘செயல்முறையில் இடைவெளி’ என்று முடித்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவள் போன் அடித்தது.

“மேடம், நான்தான். பஸ் டிரைவர்.”

“சொல்லுங்க.”

“ஒம்பதாம் பக்கத்துல ஒரு படம் இருக்கு. நிறைய பெட்டி, அம்புக்குறி. என்னன்னு சொல்றீங்களா? இன்னிக்கு எனக்கு லீவு.”

மேஸ்திரி தனக்கும் அனுப்பியிருந்த பிரதியை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அவள் போட்ட படம்தான் அது, முப்பத்தொரு பெட்டிகள். ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். இதுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வரும் இடம். இது அந்த முடிவு ஆபத்தா இல்லையா என்று பார்ப்பது. இங்கிருந்து இங்கே சேதி போகும். இது போனுக்கு அனுப்புவது. மகள் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். கெட்டிக்காரி, அம்புக்குறி ஒருபக்கம் மட்டும் போகிறது, திரும்பி வரவில்லை என்பதைத் தானே கண்டுபிடித்தாள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடியது.

“சரி” என்றாள் கடைசியில். “இதுல எங்கப்பா எங்க இருக்காரு?”

மேஸ்திரி படத்தைப் பார்த்தாள். விரல் தானாக வலது ஓரத்துக்குப் போனது. கடைசிப் பெட்டி, அதிலிருந்து வெளியே போகும் ஒரு அம்புக்குறி, அதற்கப்புறம் வெள்ளைக் காகிதம்.

“படத்துல இல்லீங்க” என்றாள். “கடைசி அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்.”

மறுமுனையில் எங்கோ குக்கர் சத்தம் கேட்டது.

“நீங்க போடும்போது அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு நெனச்சீங்களா?”

“முதல்ல நெனச்சேன்” என்றாள் மேஸ்திரி. “அப்புறம் அலுத்துப்போச்சு.”

அடுப்பில் ஏதோ இருக்கிறது, வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை.